முதுகில் வெயில்

பூம்புகாரில் கடற்கரைக்குப் போகும் சாலையோரம் ஒரு டீக்கடை விடிகாலை நாலரைக்கே திறந்துவிடுகிறது. கடலுக்குப் போகிறவர்களுக்கான கடை. தை மாதப் பனி கீற்று நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. டீயை ஆற்றிக்கொண்டே கடைக்காரர் கேட்டார்: "மாயவரம் பஸ்ஸா சார்? இன்னும் நேரம் இருக்கே."

"இல்லைங்க. நடந்து போறேன், ஆத்தங்கரையோட."

ஆற்றுகிற கை ஒரு கணம் நின்றது. "வேண்டுதலா?"

இந்தப் பக்கத்து மக்களுக்கு நடப்பவர்களைத் தெரியும். ஆவணியில் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குச் சாரிசாரியாகப் போகிறவர்கள் உண்டு. சித்திரையில் செட்டிநாட்டிலிருந்து வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நாள்கணக்கில் நடந்து வரும் நகரத்தார் உண்டு. மற்றபடி நடக்கிறவன் பஸ்ஸை விட்டவன், இல்லையென்றால் பஸ்ஸுக்குக் காசில்லாதவன். வேண்டுதல் எதுவும் இல்லை என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. சில்லறை கொடுக்கும்போது மட்டும், "கரையில முள்ளு கெடக்கும் சார், பாத்துப் போங்க" என்றார்.

சிலப்பதிகாரத்தில் புகார்க் காண்டத்தின் கடைசிக் காதைக்கு நாடுகாண் காதை என்று பெயர். இருந்ததையெல்லாம் தொலைத்துவிட்டு, பெற்றவர்களுக்குக்கூடச் சொல்லாமல், இருட்டோடு ஊரை விட்டுக் கிளம்புகிற கண்ணகி, கோவலன் இருவரின் கதை அது. அதற்கு வேறு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். 'நாட்டைப் பார்த்தல்' என்று வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் படித்தபோது இந்தப் பெயர் என்னை ஒன்றும் செய்யவில்லை. நாற்பது தாண்டி, வீட்டில் ஒரு சாவு விழுந்து, இரவில் தூக்கம் வராமல் தெருத்தெருவாக நடக்கத் தொடங்கிய ஒரு காலத்தில்தான் அந்தப் பெயரின் கனம் புரிந்தது. துக்கத்தில் இருப்பவன் கண்ணுக்கு வழியில் கிடக்கும் ஒவ்வொன்றும் பிசகாமல் தெரிகிறது. அந்தக் காதையை எழுதியவர் அதை அறிந்தவர். அன்றிலிருந்து, அவர்கள் போன வழியில் ஒரு காதமாவது நடந்துவிட வேண்டும் என்று மனத்தில் கிடந்தது.

வழியைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆட்டுக்கடாவும் அன்னமும் துணைதுணையாகத் திரிகிற நீண்ட வாசலைக் கடந்து வெளியே வருகிறார்கள். பாம்பணையில் துயிலும் மணிவண்ணன் கோயிலை வலம்வருகிறார்கள். ஐந்து கிளை விரிந்த போதிமரம், ஏழு புத்த விகாரங்கள், சமணர்களின் பளபளக்கும் கல்மேடை, அரசனின் சோலை எல்லாம் பின்னால் போகின்றன. காவிரிக் கடைமுகத்தைத் தாண்டி மேற்கே திரும்பி, ஆற்றின் வடகரைத் தோப்புகள் வழியாக ஒரு காதம் நடந்து சமணத் துறவி கவுந்தியடிகளின் பள்ளிக்கு வருகிறார்கள். அதற்குள் கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை எங்கே இருக்கிறது, இதுதானா என்கிற மாதிரிக் கேட்கிறாள். முப்பது காதம் இருக்கிறது என்பதைக் கோவலன் 'ஆறைங்காதம்' என்று பிரித்துச் சொல்கிறான். ஆறோ ஐந்தோ காதம்தான் என்று அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று உரைகாரர்கள் இந்த இடத்தைப் பிரித்துக் காட்டுவார்கள். சொல்லிவிட்டுச் சிரிக்கிறான். தமிழில் இதைவிடத் துயரமான சிரிப்பு ஒன்றை நான் படித்ததில்லை.

கிழக்கிலிருந்து மேற்கே போகிற வழி என்பதை நடந்தபோதுதான் உடம்பால் உணர்ந்தேன். ஆறு மணிக்குப் பிறகு சூரியன் கடலிலிருந்து ஏறியபோது வெயில் முதுகில் விழுந்தது. இதமான வெயில், யாரோ பின்னாலிருந்து கை வைத்துத் தள்ளிவிடுவதுபோல. என் நிழல் எனக்கு முன்னால் வரப்பு நீளத்துக்குக் கிடந்து வழிகாட்டியது. பத்து மணிக்குள் அது வெகுவாகக் குறுகிவிட்டது. பிற்பகலில் வெயில் நேரே கண்ணில் குத்தும் என்பதால் அதற்கு முன் எங்காவது உட்கார்ந்துவிட வேண்டும். விடியுமுன் கிளம்பி, வெயிலேறும் வரை நடந்து, நாளுக்கு ஒரு காதம் வைத்துக்கொண்டால் போதும். ஆற்றோடு மேற்கே போகிறவர்களுக்குச் சூரியன் வகுத்துக் கொடுத்த கணக்கு இது. பின்னால் பாண்டிநாட்டுக்குள் நுழைந்ததும், வெயிலின் கொடுமை தாளாமல் அவர்கள் நிலவில் நடக்கத் தொடங்குவதைப் புறஞ்சேரி இறுத்த காதை சொல்கிறது. சோழநாட்டில் பகலில் நடக்க முடிந்ததற்குத் தோப்புதான் காரணம்.

பல்லவனீச்சரத்தில் தோண்டியெடுத்த விகாரை வேலிக்குள் இருக்கிறது. இடுப்பளவுகூட உயராத செங்கல் சுவர்கள், வரிசையாகச் சதுரச் சதுரமாய் அறைகள். பிக்குகள் தங்கிய அறைகள் என்கிறார்கள். நாலாம் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்தர் பாதம் ஒன்று இங்கே கிடைத்தது. உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் என்கிற தேரர் காவிரிப்பட்டினத்து விகாரை ஒன்றில் தங்கிப் பாளியில் நூல் எழுதியதும் ஏறக்குறைய இதே காலந்தான். அவர் இருந்தது இந்த அறைகளில் ஒன்றா என்று யாராலும் சொல்ல முடியாது. பனி இறங்கிய அந்தச் சுவரின் மேல் கை வைத்தபோது, அப்போதுதான் கழுவிவிட்டதுபோலச் செங்கல் ஈரமாக இருந்தது. ஒரு செங்கல்லின் மூலையில் குழியாக ஒரு தடம் இருந்தது. வார்த்தவனின் கட்டைவிரலாகவும் இருக்கலாம், மழை தின்ற குழியாகவும் இருக்கலாம். என் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்க்கத் தோன்றியது, வைத்தேன்.

கீழையூரில் படகுத்துறை கிடைத்த இடம் கடலை விட்டு உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, பெரிய செங்கற்களால் கட்டிய மேடையும் அதையொட்டிப் படகு கட்டும் மரக்கம்பங்களும் வெளிப்பட்டன. கம்பத்து மரத்தைக் கரிமச் சோதனைக்கு அனுப்பினார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டிய காலம் வந்தது. குதிரையும் மிளகும் அகிலும் முத்தும் குவிந்து, புலிமுத்திரை குத்தப்படக் காத்துக் கிடந்ததாகப் பட்டினப்பாலை விவரிக்கும் ஊரின் துறைகளில் ஒன்று இது என்று எண்ணிக்கொண்டு நின்றால், எதிரே சம்பா முற்றித் தலைசாய்ந்திருக்கிறது. மரத்தில் கட்டியிருந்த கயிறு இற்று, படகு போய், ஆறும் ஒதுங்கிப் போய்விட்ட இடத்தில் இப்போது நெல் நிற்கிறது.

இங்கேதான் நான் சொல்ல வந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

காரைக்காலைச் சேர்ந்த என் நண்பர் ஒருவர் முப்பது வருடமாகப் பிரான்சில் இருக்கிறார். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் அவர் தாத்தா வாங்கிய குடியுரிமை அது. விடுமுறை வந்தால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விடுவார். லுவார் ஆற்றங்கரையோடு ஒரு நடைவழி இருக்கிறது. நமக்குச் சுதந்திரம் கிடைத்த அதே 1947இல், ஓர்லியான் நகரை ஒட்டிய அதன் ஒரு துண்டில்தான் அந்த நாட்டின் முதல் நெடுநடை வழி அடையாளமிடப்பட்டதாம். வெள்ளைக்கோடு ஒன்று, அதன் கீழே சிவப்புக்கோடு ஒன்று. மரத்திலும் பாலத்துச் சுவரிலும் தொழுவத்து மூலையிலும் அந்த இரண்டு கோடுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். தப்பான வழிக்குத் திரும்பினால் அதே நிறங்களில் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும். கோடுகளைப் பூசிவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் ஊதியம் வாங்காத ஆர்வலர்கள். இன்றைக்கு அந்தக் கோடுகள் நாடு முழுவதும் ஏறக்குறைய 60,000 கிலோமீட்டர் ஓடுகின்றன. நண்பர் படங்கள் அனுப்புவார்: ஓக் மரக் காடு, காட்டைத் தாண்டியதும் நாற்பது வீட்டுக் கிராமம், கிராமத்தின் விளிம்பில் கூரை போன மடம், குன்றின் மேல் பாதி சரிந்த கோட்டை. "இங்கே இடிஞ்சது நின்னுக்கிட்டே இருக்கு. நம்ம ஊர்ல இடிஞ்சது எங்கே போச்சு?" என்று ஒருமுறை எழுதியிருந்தார்.

அந்தக் கேள்வி என்னை வெகுநாள் விடவில்லை. பதில் மண்ணில் இருக்கிறது. அவர் நடக்கிற நாட்டில் கல் உண்டு. கல்லில் கட்டியது இடிந்தாலும் எலும்புக்கூடாக நிற்கும், அதன்மேல் கொடி படரும், அதைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். காவிரிப் படுகையில் தோண்டினால் வண்டல், இன்னும் தோண்டினால் களி, அதற்கும் கீழே மணல். கூழாங்கல்கூடக் கிடைப்பது அரிது. இங்கே நிற்கிற ஒவ்வொரு கருங்கல்லும் மேற்கேயிருந்து வண்டியேறி வந்தது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி ஊர் ஊராகச் செங்கல் கோயில்களைக் கற்றளியாக மாற்றியதை இந்தச் சதுப்பில் நின்று யோசித்தால்தான் அந்த அம்மையாரின் பிடிவாதம் விளங்கும். மற்ற எல்லாமே மண். வீடு மண், மாடம் செங்கல், செங்கல்லும் வெந்த மண். வெள்ளம் வரும், வண்டல் மூடும், அடுத்த வருடம் அதன்மேல் உழுவார்கள். பூம்புகாரின் இடிபாடு எங்கே என்று கேட்டால், நேற்று சாப்பிட்ட சோற்றில் என்பதுதான் பதில்.

மண்ணில் உருவம் நிலைக்காது. கோடு நிலைக்கும். வாய்க்கால் போகிற கோடு, வரப்பின் கோடு, ஆற்றங்கரையின் கோடு. ஒவ்வொரு தலைமுறையும் அதை வெட்டி, அணைத்து, மிதித்து, புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் அது அழிவதில்லை. ஊர்ப்பெயரும் அப்படித்தான். சிலப்பதிகாரத்து மாடல மறையோனின் ஊர் தலைச்செங்கானம். இங்கிருந்து தென்மேற்கே கொஞ்ச தூரத்தில் தலைச்சங்காடு என்று அது இருக்கிறது, அங்கே ரேஷன் வாங்குகிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள். புகாரில் மிஞ்சிய மிகப் பழைய கட்டடம் எது என்று என்னைக் கேட்டால் ஆற்றங்கரை வழியைத்தான் சொல்வேன். காவிரி அங்கங்கே புரண்டு படுத்திருக்கும், வழியும் அதோடு புரண்டிருக்கும். ஆனாலும் கடலிலிருந்து மேற்கே போக ஆற்றோடு போ என்கிற அந்த அறிவு ஒருநாளும் அறுபட்டதில்லை. அகழாய்வுக் குழியை வேலி போட்டுக் காக்கிறோம், அது சரிதான். இந்த வழியைக் காப்பது யார் வேலை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம் கடற்கரையில் ஏழு நிலை மாடமாக எழுந்து நிற்கிறது. கல்லில்லாத ஊருக்குக் கல்லைக் கொண்டுவந்து கண்ணகி கதையைச் சுவர் முழுக்கச் செதுக்கினார்கள். சிறுவயதில் பள்ளிச் சுற்றுலாவில் வந்து வாய் பிளந்து நின்றவர்களில் நானும் ஒருவன். அந்தச் சுவரில் அவர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். சுவரைப் பார்த்துவிட்டு நாம் பஸ் ஏறிவிடுகிறோம்.

சாயாவனத்தை நெருங்கும்போது நன்றாக விடிந்திருந்தது. தேவாரத்தில் இந்த ஊர் திருச்சாய்க்காடு. சாய் என்பது கோரை. கோரை மண்டிய காடு இருந்த ஊர் என்று பெயரே சொல்கிறது. கோச்செங்கணானின் மாடக்கோயில்களில் ஒன்று என்று மரபு சொல்லும் கோயில் இங்கே இருக்கிறது. ஆனால் எனக்குச் சாயாவனம் என்றால் சா. கந்தசாமி. மாயவரத்துக்காரரான அவருடைய 'சாயாவனம்' நாவல் 1960களின் இறுதியில் வந்தது. வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பிய சிதம்பரம், கரும்பாலை கட்டுவதற்காக ஒரு பெரும் தோட்டக்காட்டை விலைக்கு வாங்கி, வெட்டி, கடைசியில் தீயிட்டு அழிக்கிறான். நாவலின் பெரும்பகுதி இந்த அழிப்புதான். மூங்கில், புளி, காட்டாமணக்கு, கொடி, பறவை, அணில் என்று ஒவ்வொன்றாக. அழிக்கிறவன் கெட்டவன் இல்லை என்பதுதான் அந்த நாவலை என்னால் மறக்க முடியாததற்குக் காரணம். காட்டைக் கண்டு பிரமிக்கத் தெரிந்தவனே அதை எரிக்கிறான்.

டெல்டாவில் காடு இருந்தது என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. எங்கு திரும்பினாலும் நெல், நெல்லைத் தவிர இங்கே வேறெதுவும் என்றுமே இருந்ததில்லை என்று தோன்றும். கோயில்களின் பெயரைக் கேட்டால் கதை வேறு. சாய்க்காடு, வெண்காடு, தலைச்சங்காடு. நான் நடந்த வழியில் காடென்று சொல்ல மிஞ்சியிருந்தது ஆற்றுப் படுகையில் ஒரு மூங்கில் கொல்லையும் அதையடுத்து நாலைந்து இலுப்பை மரங்களும். அந்த நிழலுக்குள் நுழைந்ததும் காற்றின் வாசனை மாறியது. பிரான்சில் நண்பர் ஒரு பகல் முழுக்க நடந்து கடக்கிற காட்டை நான் இருநூறு அடியில் கடந்துவிட்டேன். திரும்பிப் போய் இன்னொரு முறை கடந்தேன்.

அதற்குப் பிறகு கரை கெட்டுவிட்டது. ஓரிடத்தில் சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் கைகோத்து அடைத்துவிட்டது. வாய்க்கால் முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும். கீழே இறங்கி வயல் வரப்போடு சுற்றிக்கொண்டு மேலேறினால் கரையை யாரோ அணைத்துத் தென்னங்கன்று வைத்திருந்தார்கள். மறுபடி இறங்கினேன். செருப்பைக் கிழித்துக்கொண்டு ஒரு கருவேல முள் குதிகாலில் ஏறி ஒடிந்துவிட்டது.

அந்த வரப்பில்தான் ஆயாவைப் பார்த்தேன். எழுபதுக்கு மேலிருக்கும். முந்தானையை மடிகட்டி அதற்குள் உளுந்து வைத்திருந்தார். அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நெற்கதிர் நிற்கும்போதே ஈரத்தரையில் உளுந்தையோ பயறையோ தெளித்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். நெல்லை அறுத்து எடுப்பதற்குள் தாளுக்கடியில் முளைவிட்டிருக்கும். மிச்ச ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்துவிடும், தண்ணீர் கட்ட வேண்டாம். ஆயாவின் கை கதிர்களுக்குமேல் ஒரு அரைவட்டம் போடும், விதை சலசலவென்று தாளில் பட்டு இறங்கும். ஒரு கைப்பிடிக்கு இரண்டு எட்டு. மறுபடி கைப்பிடி.

நான் நொண்டுவதைப் பார்த்து நிறுத்தினார். "எங்கேர்ந்து தம்பி வர்றீங்க? வண்டி ரிப்பேராயிடுச்சா?"

"பூம்புகார்லேர்ந்து நடந்து வர்றேன், ஆயா. முள்ளு ஏறிடுச்சு."

"ஏன், பஸ்ஸு இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே உட்காரச் சொன்னார். குதிகாலைத் தன் மடிப்பக்கம் இழுத்து வைத்துப் பார்த்தார். நான் கூசிக் காலை இழுத்தேன், விடவில்லை. "உள்ளார போயிடுச்சு. நோண்டுனா இன்னும் இறங்கும்." வரப்போரத்து எருக்கு இலையைக் கிள்ளிப் பாலை முள்பட்ட இடத்தில் சொட்டவிட்டார். "ரெண்டு நாள்ல தானா மேல வந்துரும். கையக் கழுவிக்குங்க, கண்ணுல கிண்ணுல வச்சிடாதீங்க."

கண்ணகி நடந்த வழி என்று சொன்னேன். அவருக்கு அது புதிய செய்தியாக இல்லை. "அந்தப் பொண்ணு செருப்பு போட்டுருக்காதே" என்றார்.

கவுந்தியடிகளை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். இவர்களோடு தானும் மதுரைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, போகும் வழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார். தோப்பு வழியே போனால், கிழங்கு அகழ்ந்த குழிகளைப் பூக்கள் உதிர்ந்து மூடியிருக்கும், கால் உள்ளே போய்விடும். குழியைப் பார்த்துக் குனிந்து நடந்தால் தொங்குகிற பலாப்பழம் தலையில் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் பின்னிக் கிடக்கும் இடத்தில் பலாக்கொட்டை பரல்கல்லாகக் காலில் உறுத்தும். வயல் வழியே போனால், நீர்நாய் கவ்விய வாளை மலங்கு புரளும் சேற்றில் துள்ளிப் பாயும், இந்தப் பெண் பயந்துபோவாள். கரும்பில் கட்டிய தேன் உடைந்து குளத்தில் கலந்திருக்கும், தாகத்தில் அள்ளிக் குடித்துவிடுவாள். இத்தனைக்கும் பிறகு ஒன்று சொல்கிறார்: நடக்கிற களைப்பில் வரப்பிலுள்ள நண்டையும் நத்தையையும் அறியாமல் மிதித்துவிட்டால் அந்த வலி நமக்குத் தாங்காது.

எந்தப் பயணநூலிலும் இப்படியொரு வழிக்குறிப்பை நான் படித்ததில்லை. நடக்கிறவரின் கால் நோகக் கூடாது என்று தொடங்கி, காலுக்கடியில் இருக்கும் உயிர் நோகக் கூடாது என்பதில் வந்து நிற்கிறது. இதைச் சமண அறம் என்று பாடத்தில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வரப்பில் நடந்தால்தான் இது இந்த மண்ணின் நடைமுறை அறிவு என்று தெரிகிறது. நண்டு வளை விழுந்தால் வரப்பு ஒழுகும் என்று நண்டை வைகிற விவசாயியும், போகிற போக்கில் காலை அகட்டி வைத்து அதைத் தாண்டித்தான் போகிறார்.

அந்தப் பட்டியலில் நான் எதைப் பார்த்தேன்? நண்டு பார்த்தேன், நத்தை பார்த்தேன். பலா ஒன்று, ஒரு வீட்டுக் கொல்லையில். கரும்பு, பொங்கலுக்கு வந்து மிஞ்சி வாடிக் கிடந்தது. நீர்நாய் இல்லை. அவர்கள் வழிநெடுகக் கேட்ட ஒலிகளையும் காதை அடுக்குகிறது. மதகில் நீர் பாயும் ஓசை, ஏர்பூட்டுகிறவர்களின் பாட்டு, நாற்று நடுகிற பெண்களின் பாட்டு, களத்தில் நெல்லடிக்கிறவர்களின் பாட்டு. நான் கேட்டது செயின் போட்ட அறுவடை மிஷினின் இரைச்சல். காலையில் இறங்கி மதியத்துக்குள் ஒரு திடலையே மொட்டையடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, குனிந்து அறுத்த முதுகுகள் என் முதுகல்ல.

மேலையூரில் காவிரியின் கடைமடைக் கதவணை இருக்கிறது. 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் ஜூன் 12இல் தண்ணீர் திறந்தால், அது கல்லணை வந்து பிரிந்து, ஊர் ஊராகக் கொடுத்துவிட்டு மிச்சமாய் இங்கே வந்து சேரும் நாளில் விவசாயிகள் நெல்லும் பூவும் தூவி வரவேற்கிறார்கள். குடகில் பிறந்த ஆற்றைக் கடலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று 'வா' என்கிற ஊர் இது. நான் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. ஆறு கொண்டுவரும் வண்டல் குறையக் குறையக் கடல் உள்ளே வருகிறது. கைப்பம்பில் உப்பு ஏறிவிட்டது என்று பேசாத ஊர் இந்தக் கரையில் இல்லை. இறால் குட்டைகள் வேறு. அவற்றுக்கு எதிராகக் காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பூம்புகாரில் அலையடிக்கிற இடத்தில், ஏற்றவற்றத்துக்கு நடுவே, சுடுமண் உறைகிணறுகளைக் கடலாய்வாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் யாரோ குடிநீர் இறைத்த கிணறு. இந்திரவிழாவை மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்று மணிமேகலைக் காப்பியம் சொல்லும். 2004 டிசம்பர் 26 அன்று, அப்போதைய நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அவர்கள் எந்த விழாவையும் மறந்திருக்கவில்லை. கரையோரத்தில் அந்தக் கதையை இனி என்னால் கதையாகப் படிக்க முடியாது.

புகார் என்றால் புகுமிடம், ஆறு கடலுக்குள் புகும் முகம். பெயர் இப்படியிருக்க, இந்த ஊரைப் பற்றி நம்மிடம் தங்கிய கதைகள் எல்லாம் வெளியேறியவர்களுடையவை. கண்ணகியும் கோவலனும் போனார்கள். மணிமேகலை போனாள். பெருவணிகராயிருந்த பட்டினத்தார் ஒருநாள் எல்லாவற்றையும் உதறிவிட்டுத் தெருவில் இறங்கினார். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து ஒரு காலத்தில் புறப்பட்டுப் பாண்டிநாட்டுக்குக் குடிபோனவர்கள் தாங்கள் என்பது நகரத்தாரின் வழிவழி நினைவு. திரும்பி வருகிறவர்கள் அவர்கள் மட்டுந்தான். சித்திரை வெயிலில் வைத்தீஸ்வரன் கோயில் வரை நடந்து வந்து, புகாரைக் கொஞ்ச தூரத்தில் வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். வேண்டுதல் என்கிறார்கள். பல நூற்றாண்டு முன்பு விட்டுவந்த வீட்டின் திசையை உடம்பு மறந்துவிடாமல் இருக்க இதைவிட வேறு உபாயம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. டீக்கடைக்காரர் கேட்டது சரியான கேள்விதான்.

காவிரியோடு பயணம் செய்து தி. ஜானகிராமனும் சிட்டியும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971இல் வந்தது. அதற்குப் பிறகு இந்த ஆற்றைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டோம், வழக்காடிவிட்டோம். நான் கேட்பது சின்ன விஷயம். கடலிலிருந்து மாயவரம் வரை, இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் குறைவான தூரம், ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் நடந்துபோகிற அளவுக்குக் கரை திறந்திருக்க வேண்டும். சிமெண்டு வேண்டாம், வளைவு வேண்டாம், சிலை வேண்டாம். முள்ளை வெட்டி, இடையிடையே இலுப்பையும் புன்னையும் மருதமும் வைத்தால் போதும். மதகுச் சுவரில், பனைமரத்தில், பம்புசெட்டு ரூமின் மூலையில் ஒரு சிலம்பு வட்டத்தைக் காவியில் வரைந்துவிட்டால் வழி தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளே அதைச் செய்துவிடுவார்கள். நாடுகாண் காதையைப் படிக்கிற பிள்ளை, அதில் வருகிற நத்தையை வரப்பில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

முதல்நாள் இரவை ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் கழித்துவிட்டு, மறுநாள் மறுபடி இருட்டில் கிளம்பினேன். மாயவரத்தை நெருங்க நெருங்கக் கரையை வீடுகள் பிடித்துக்கொண்டன. சாக்கடைகள் ஆற்றில் இறங்கின. வெயில் உச்சிக்கு வருவதற்குள் துலாக்கட்டத்துக்கு வந்துவிட்டேன். ஐப்பசி முழுக்க இங்கே முழுக்குப் போட வருகிறவர்களால் படித்துறை நிரம்பியிருக்கும். தையில் ஒரு அம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இதே மாயவரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க வந்த இளைஞர் ஒருவர், பின்னாளில் ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, 1892இல் சிலப்பதிகாரத்தை முழுமையாக அச்சில் கொண்டுவந்தார். உ.வே.சா. அந்த ஏடுகளை எடுத்துத் தராமலிருந்தால், வடகரையில் மூச்சு வாங்க நின்ற ஒரு பெண்ணின் கதை நமக்கு முழுதாகக் கிடைக்காமலே போயிருக்கலாம்.

படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். ஆயா சொன்னபடி, குதிகாலில் முள் கறுப்பாகத் தலை காட்டியிருந்தது. இரண்டு நகத்தால் அழுத்தினேன், வந்துவிட்டது. அரிசி நீளம்கூட இல்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சுண்டிவிடக் கை போனது. படியில் யாராவது வெறுங்காலோடு இறங்குவார்கள், தண்ணீரிலும் இறங்குவார்கள். டீக்கடையில் வாங்கிய பிஸ்கட்டின் காகிதம் பையில் இருந்தது. அதில் வைத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.